முதுகுப் பொத்தான்

தையல்காரியின் மூத்த மகள் தொடர்ந்து பதினோரு வருடங்கள் ஐந்து வயதிலேயே இருந்தாள். பிறந்த தேதியில் குழப்பம் எதுவும் இல்லை. ஆஸ்பத்திரியில் கொடுத்த சீட்டு மடிப்புக் கலையாமல் இரும்புப் பெட்டியில் இருந்தது. உயரம் மூன்றரை அடி, எடை பதினாறு கிலோ, கால் செருப்பு பத்தாம் நம்பர். அவளுடைய அப்பா பஸ் கண்டக்டர். எதையும் ஒழுங்காகச் செய்கிற மனுஷர் என்பதால் ஒவ்வொரு பிறந்தநாளிலும் மகளை உள்ளறை நிலைப்படியில் நிற்கவைத்து, தலைக்கு மேல் ஸ்கேலைப் படுக்கவைத்து, பென்சிலால் ஒரு கோடு போடுவார். நடுவில் ஒரே ஒரு தடவை இரண்டு விரல் ஏறியது தவிர, கோட்டின் மேலேயே கோடு விழுந்து விழுந்து, ஆறாவது வருடத்தில் அந்த இடத்தில் மரம் பள்ளமாகிவிட்டது. வீட்டுக்கு வருகிறவர்கள் அதைக் கரையான் அரித்த தடம் என்று நினைத்துக்கொண்டார்கள். வீட்டில் இருப்பவர்களும் திருத்தவில்லை.

இது தொடங்கியது பள்ளிக்கூடம் திறக்க நான்கு நாள் இருந்தபோது. தையல்காரிக்குத் தலைக்கு மேல் வேலை. முன்னறை முழுக்கச் சீருடைத் துணி மலை மாதிரி கிடந்தது. அந்தத் தெருவில் பிள்ளைகளுக்குத் தைப்பது அவள் ஒருத்திதான். "வளர்ற பிள்ளை, கொஞ்சம் பெருசாவே தைங்க" என்று எல்லாத் தாய்மாரும் சொல்வார்கள். அவளும் கீழ்மடிப்பில் நான்கு விரல் துணியை உள்ளே விட்டுத் தைப்பாள். அடுத்த வருடம் பிரித்துவிட்டால் போதும், கவுன் நீண்டுகொள்ளும். அன்றும் உதட்டில் நான்கு குண்டூசிகளைக் கவ்விக்கொண்டு மடிப்புதான் மடித்துக்கொண்டிருந்தாள். பிற்பகல் நான்கு மணி. உள்ளறையிலிருந்து மகள் கூப்பிட்டாள். "அம்மா, இங்க வந்து பாரேன்." தையல்காரி தலையைத் தூக்காமல், ஊசிகளுக்கு நடுவிலிருந்து "இரு" என்றாள்.

பிள்ளை வளர்க்கிற எவரும் ஒரு நாளைக்கு நாற்பது தடவையாவது சொல்கிற சொல் அது. கை ஒழியட்டும் என்று அர்த்தம், கொஞ்சம் பொறு என்று அர்த்தம், பாதி நேரம் எந்த அர்த்தமும் கிடையாது. மற்றப் பிள்ளைகள் இரண்டு நிமிடம் பொறுத்துப் பார்த்துவிட்டு, அழுதோ எதையாவது உடைத்தோ காரியத்தை முடித்துக்கொள்வார்கள். இந்தப் பெண் அப்படியல்ல, சொன்ன பேச்சு கேட்கிறவள். இரு என்று அம்மா சொன்னாள், அவளும் இருந்தாள். அன்றைக்கு எப்படி இருந்தாளோ அப்படியே இருந்தாள். என்ன காட்டுவதற்காகக் கூப்பிட்டாள் என்று யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை. மறுநாள் நான்கு மணிக்கு மெஷின் பக்கத்தில் வந்து நின்று, "இப்ப வந்து பாக்குறியா?" என்றாள். இரு என்ற பதில் வந்தது. அதற்கடுத்த நாளும் வந்தாள். அதன்பின் மெஷினுக்கு எண்ணெய் விடுவதுபோல அதுவும் அந்த வீட்டின் அன்றாடத்தில் ஒன்றாகிப்போனது.

முதல் வருடம் யாரும் கவனிக்கவில்லை. இரண்டாம் வருடம், மகளின் கவுன்களில் கீழ்மடிப்பு ஒன்றைக்கூடப் பிரிக்க வேண்டி வரவில்லையே என்று தையல்காரிக்கே உறைத்தது. கண்டக்டர் மகளை டாக்டரிடம் கூட்டிப்போனார். டாக்டர் நாக்கை நீட்டச் சொன்னார், முட்டியில் தட்டினார், கை எலும்பைப் படம் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "குறைன்னு சொல்ல ஒண்ணும் இல்ல. ஆரோக்கியமான அஞ்சு வயசுக் குழந்தை" என்றார். ஏழு வயதாகிறதே என்று கண்டக்டர் சொன்னதற்கு, அதற்கு மருந்து கிடையாது என்று கையைக் கழுவிக்கொண்டார். வீடு திரும்பியதும் கண்டக்டர் சட்டையைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். தையல்காரி அவர் பக்கத்தில் தண்ணீரை வைத்துவிட்டுச் சொன்னாள். "ஏங்க, இப்படியே இருந்தா என்ன இப்போ? சோறு குறையா, துணி குறையா?" கண்டக்டர் தண்ணீரைக் குடித்தார். அவர் பேசாதவர். பஸ்ஸில் நாள் முழுக்கக் கத்துவதால் வீட்டுக்கு வரும்போது பேச்சு மிச்சமிருக்காது.

உண்மையைச் சொன்னால் தையல்காரிக்கு அந்த வருடங்கள் இனித்தன. ஐந்து வயதில் பிள்ளைகள் எப்படி இருப்பார்கள் என்பது பெற்றவர்களுக்குத் தெரியும், அது எவ்வளவு சீக்கிரம் கைநழுவிப் போகும் என்பதும் தெரியும். அவளுக்கு மட்டும் நழுவவில்லை. மகள் நேற்று என்பதற்கு நாளைக்கு என்றுதான் சொல்வாள். "நாளைக்கு மழை பெஞ்சுதே, ஞாபகம் இருக்கா?" என்பாள். அதைக் கேட்டு ஒவ்வொரு முறையும் அம்மாவுக்குச் சிரிப்பு வரும். தூங்கும்போது ஒரு காலை அம்மா வயிற்றின் மேல் போட்டுக்கொள்வாள். சோப்பு நுரையில் தாடி வைத்துக்கொண்டு அப்பா மாதிரி டிக்கெட் கிழிப்பாள். எல்லாவற்றையும் விட அம்மாவுக்குப் பிடித்தது காலை ஏழரை மணி. கவுனை மாட்டிக்கொண்டு மகள் முதுகைக் காட்டி நின்று, இரண்டு கையாலும் முடியை மேலே தூக்கிக்கொள்வாள். கழுத்துக்குக் கீழே ஒரு மச்சம். மூன்று பொத்தான்கள். அம்மா கீழிருந்து மேலாகப் போட்டுவருவாள், கடைசிப் பொத்தானை மட்டும் வேண்டுமென்றே மெதுவாகப் போடுவாள். அந்த நேரத்தில் இந்த உலகத்தில் தன்னை விட்டால் இவளுக்கு ஆள் இல்லை என்ற நினைப்பு வரும். அந்த நினைப்பை அவள் பெருமை என்று எண்ணிக்கொண்டாள்.

தெருவில் அவளுக்கு மரியாதையும் கூடிற்று. கைக்குழந்தைக்காரிகள் துணி தைக்கக் கொடுக்கிற சாக்கில் வந்து உட்கார்ந்து, பிள்ளையை எப்படி அடக்குவது என்று யோசனை கேட்டார்கள். எதிர்வீட்டுச் சலவைக்கடைக்காரிக்கும் அதே வாரத்தில் பிறந்த ஒரு பெண் இருந்தாள். அது வாயாடி, தொட்டதற்கெல்லாம் சண்டை. "உன் பொண்ணு மட்டும் எப்படிக்கா சொன்னபடி கேக்குறா?" என்று அவள் கேட்டபோது, "எல்லாம் வளர்க்கிற விதத்துலதான் இருக்கு" என்று தையல்காரி கூசாமல் சொன்னாள். ஐந்து வயதுக் கவுன் எதுவானாலும் மகளுக்குப் போட்டுப் பார்த்துத்தான் கொடுப்பாள். தெருவில் உள்ள ஐந்து வயதுக்காரிகள் எல்லாருக்கும் அவள்தான் அளவு. மேஜை மேல் ஏற்றி நிறுத்தினால் இறக்கிவிடும் வரை கையை விரித்தபடி நிற்பாள். சில நாள் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் இறக்கிவிட ஞாபகம் வரும்.

பாலர் வகுப்பில் அவளை வருடா வருடம் அதே பெஞ்சில் உட்காரவைத்தார்கள். முதல் வருடத் தோழிகள் அடுத்த வகுப்புக்குப் போனார்கள். சலவைக்கடைக்காரியின் மகள் ஒரு மாதம் வரை ஜன்னல் வழியாகக் கையாட்டினாள், பிறகு மறந்துவிட்டாள். புதிதாக வந்தவர்களும் தோழிகளாகி, அவர்களும் போனார்கள். அவளுக்கு வயதுதான் நின்றிருந்ததே தவிர ஞாபகம் நிற்கவில்லை. ஐந்தாவது வருடம் ஒரு புதுப் பெண் வந்து, "நாம ரெண்டு பேரும் ஃப்ரெண்டா?" என்று கேட்டபோது, "நீ எப்போ போவ?" என்று பதிலுக்குக் கேட்டாள். டீச்சர் இதைத் தமாஷாக அம்மாவிடம் சொன்னார். அம்மாவும் தமாஷாகவே எடுத்துக்கொண்டு நாலு பேரிடம் சொல்லிச் சிரித்தாள்.

நான்காவது வருடத்தில்தான் அம்மாவுக்கு விஷயம் தெரிந்தது. தொண்டை கட்டி, ஒன்பது நாள் குரலே வரவில்லை. மகள் வழக்கம்போல் நான்கு மணிக்கு வந்து கேட்டாள். அம்மா தொண்டையைக் காட்டிக் கையை விரித்தாள். ஐந்தாம் நாள் கவுன் முழங்காலுக்கு மேல் ஒரு விரற்கடை ஏறியிருந்தது. ஏழாம் நாள் கீழ்வரிசை முன்பல் ஆடத் தொடங்கியது. ஒன்பதாம் நாள் மகள் முக்காலி போடாமல் அலமாரிக் கொக்கியை எட்டித் திறந்தாள். தையல்காரி அளவெடுத்தே பிழைக்கிறவள்; டேப்பைக் கையில் எடுக்காமலேயே எல்லாம் புரிந்துவிட்டது. எந்தச் சொல் இத்தனை நாள் வெளியே வரவில்லை என்று யோசித்தாள். யோசிக்க ரொம்ப நேரமாகவில்லை.

பத்தாம் நாள் குரல் வந்தது. அன்று காலைதான் சின்னவன், அதாவது மகளுக்கு ஒன்றரை வயது இளையவன், பள்ளிக்கூட வாசலில் தன் கூட்டாளிகள் முன்னால் அம்மா பிடித்திருந்த கையை உதறிவிட்டு, "நீ போ, நான் போய்க்கிறேன்" என்று சொல்லியிருந்தான். அந்த எரிச்சல் அவளுக்கு இன்னும் அடங்கவில்லை. நான்கு மணிக்கு மகள் வந்து நின்றாள். கை நீண்டு மணிக்கட்டு வெளியே தெரிந்தது. ஆடும் பல்லை நாக்கால் தள்ளிக்கொண்டே, "இப்ப வந்து பாக்குறியா?" என்றாள். தையல்காரி மிதிப்பதை நிறுத்தினாள். வளர்ந்தால் இவளும் கையை உதறுவாள். முடியைத் தூக்கிக்கொண்டு முதுகைக் காட்டி நிற்க மாட்டாள். மெஷின் சக்கரம் சுற்றி ஓயும் வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, தெளிவாக "இரு" என்றாள். இந்த முறை உதட்டில் ஊசி இல்லை, கையில் அவசர வேலையும் இல்லை. தெரிந்தே சொன்னாள். பிறகு மகளை முக்காலியில் நிறுத்தி, அந்தக் கவுனின் கீழ்மடிப்பை இரண்டு விரல் பிரித்துவிட்டாள். பல் அப்படியே நின்றது. விழவும் இல்லை, இறுகவும் இல்லை. ஏழு வருடம் அது ஆடிக்கொண்டே இருந்தது. கடித்துத் தின்கிற எதைக் கொடுத்தாலும் பிள்ளை ஒரு ஓரமாக வைத்து மென்றாள்.

சின்னவனும் ஒரு தடவை முயன்றான். அவனுக்கு எட்டு வயது. அக்காவுக்கு வீட்டில் என்ன நடக்கிறது என்பதைப் பிள்ளைகளுக்கே உரிய விதத்தில் மோப்பம் பிடித்திருந்தான். பஸ் ஒன்றை வரைந்து, டிரைவர் இருக்கையில் அம்மாவை உட்காரவைத்து, பேப்பரை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு மெஷினுக்கு அருகே வந்தான். "அம்மா, இங்க வந்து பாரேன்." அவள் ஒரு கழுத்துப் பட்டியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். "போடா அந்தப் பக்கம். அக்கா எதிர்த்து ஒரு வார்த்தை பேசியிருக்காளா? நீயும் இருக்கியே." அவனும் அதே வயிற்றில் பிறந்தவன்தான், சொன்ன பேச்சு கேட்கிறவன்தான். போகச் சொன்னாள், போனான். ஒன்பது வயதில் குரல் உடைந்தது, பத்தில் மீசை வந்தது, பதினொன்றில் அப்பாவின் ரேஸரை எடுத்துக்கொண்டான். தெருவில் அவனைச் சின்னவன் என்று கூப்பிட வாய் வராமல் பெரியவன் என்று மாற்றிக் கூப்பிட்டார்கள். பதின்மூன்று வயதில் பார்ப்பதற்கு இருபத்தைந்து மதிக்கலாம். தூரத்து ஊரில் ஒரு சிமெண்ட் கிடங்கில் வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள், யாரும் வயதைக் கேட்கவில்லை.

அவன் ஏறியது அப்பாவின் பஸ்ஸில். தையல்காரி நிறுத்தம் வரை வந்து, படிக்கட்டில் நின்ற மகனின் முகத்தை அப்போதுதான் நிதானமாகப் பார்த்தாள். காதோரம் இரண்டு நரை. இவனை எப்போது கடைசியாக மடியில் உட்காரவைத்தோம் என்று நினைத்துப் பார்த்தாள், நினைவுக்கு வரவில்லை. "இருடா" என்றாள். அவனிடம் அந்தச் சொல்லை அவள் சொன்னது அதுதான் முதல் தடவை. ஆனால் நேரமாகிவிட்டிருந்தது. கண்டக்டர் பழக்கதோஷத்தில் விசிலை ஊதி "ரைட்" என்று குரல் கொடுத்துவிட்டார். பஸ் போய்விட்டது. கண்டக்டர் இதற்காக எத்தனையோ நாள் வருந்தினார். ஆனால் மறுநாளும் அதே நிறுத்தத்தில் அதே சொல்லைச் சொல்லித்தான் ஆகவேண்டியிருந்தது.

மகளை அவள் விடுவித்தது பதினோராவது வருடம். மனம் திருந்தித்தான் அப்படிச் செய்தாள் என்று சொல்ல ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் நடந்தது வேறு. நாற்பத்தொரு வயதில் அவளுக்குக் கண் மங்கியது. ஊசிக் காது தெரியவில்லை, நூலை எச்சில் பண்ணி எச்சில் பண்ணி வாய் உலர்ந்துபோனது. மிதித்து மிதித்து இடுப்பும் விட்டுப்போயிற்று. எதிர்க்கடையில் சலவைக்காரியின் மகள், அந்த வாயாடி, பதினாறு வயதுப் பெண்ணாக நின்று அம்மாவின் கையிலிருந்து இஸ்திரிப் பெட்டியைப் பிடுங்கி, "போய் உக்காரு, நான் பாத்துக்கிறேன்" என்று சொன்னது இங்கே வரை கேட்டது. கொஞ்ச நேரத்தில் ஒரு டம்ளர் டீயும் வந்தது. தையல்காரி ஜன்னல் வழியாக அந்த டீயைப் பார்த்தாள். பெற்ற பெண் இருந்தும் தனக்கு ஒரு வாய்த் தண்ணீர் கொடுக்க ஆள் இல்லையே என்று பொங்கிவந்தது. தன் பெண்ணுக்கு அடுப்பு எட்டாது என்பதும், ஏன் எட்டாது என்பதும் அவளுக்குத் தெரியும். வைத்துக்கொண்டதும் தனக்காக, விட்டதும் தனக்காகத்தான்.

கையிலிருந்த தையலை முடித்து, நூலைப் பல்லால் கடித்து, மெஷினுக்கு உறை போட்டாள். மணி நான்கு ஆக இன்னும் சற்று நேரம் இருந்தது. மகள் வரும் வரை காத்திராமல் தானே உள்ளறைக்குப் போனாள். தரையில் உட்கார்ந்து பொத்தான்களை நிறவாரியாகப் பிரித்துக்கொண்டிருந்த மகள் நிமிர்ந்து பார்த்தாள்.

"வந்துட்டேன்" என்றாள் அம்மா. "காட்டு."

மகள் முதலில் அம்மாவின் வாயில் குண்டூசி இருக்கிறதா என்று பார்த்தாள். பிறகு எழுந்து திரும்பி நின்றாள். இரண்டு கைகளையும் முதுகுப் பக்கம் வளைத்தாள். காலையில் அம்மா போட்டுவிட்ட மூன்று பொத்தான்களையும் விரல் நுனியால் தடவித் தடவிக் கழற்றினாள். பின்பு முகம் சிவக்க, மூச்சைப் பிடித்துக்கொண்டு, கீழேயிருந்து ஒவ்வொன்றாகத் தானே போட்டாள். இரண்டாவது ஒரு தடவை நழுவியது. மூன்றாவதுக்குக் கை எட்டாது என்றுதான் யாரும் நினைப்பார்கள். எட்டியது. "பாத்தியா? நானே போட்டுட்டேன்."

அம்மாவுக்கு அப்போதுதான் புரிந்தது. முதல் நாளிலிருந்தே இவளுக்கு இது தெரியும். பதினோரு வருடக் காலைகளில் ஏழரை மணிக்கு முடியைத் தூக்கிக்கொண்டு நின்றதெல்லாம், அம்மா இன்னும் பார்க்கவில்லையே, பார்க்கிற வரை தெரியாத மாதிரிதானே இருக்க வேண்டும் என்பதற்காக. தான் இல்லாமல் மகளுக்கு முடியாது என்று அம்மா நினைத்த ஒரு நாளிலும் மகளுக்கு அவள் தேவைப்படவில்லை. நெஞ்சில் யாரோ ஊசியை ஏற்றிவிட்டு நூலை இழுப்பது போல வலித்தது. "சமத்து" என்று மட்டும் சொன்னாள். டக்கென்று ஒரு சத்தம் கேட்டது. ஏழு வருடமாக ஆடிக்கொண்டிருந்த பல் தரையில் விழுந்து, பொத்தான்களோடு பொத்தானாகக் கிடந்தது.

மீதி வளர்ச்சி அன்று சாயங்காலத்துக்குள் நடந்து முடிந்தது. நாலரை மணிக்கு ஏழு வயது, ஐந்து மணிக்குப் பத்து. தையல்காரி தன்னிடமிருந்த கவுன்களின் மடிப்பை எல்லாம் பிரித்துப் பிரித்துப் போட்டும் ஈடுகொடுக்க முடியவில்லை. கடைசியில் கண்டக்டரின் காக்கிச் சட்டையைக் கொண்டுவந்து மாட்டிவிட்டாள். மகள் வலிக்கிறது என்று மட்டும் இரண்டு தடவை சொன்னாள். விளக்குப் போடும்போது பதினாறு வயது ஆகியிருந்தது. கண்டக்டர் வேலை முடிந்து வந்து, வாசலிலேயே நின்று பார்த்தார். உள்ளே போய்ப் பென்சிலையும் ஸ்கேலையும் எடுத்து வந்தார். இந்த முறை கோடு அவருடைய காதுக்கு நேராக விழுந்தது. கீழே அந்தப் பள்ளமும் மேலே இந்தக் கோடும்தான், நடுவில் மரம் வெறுமனே இருந்தது. அவர் அந்த வெற்றிடத்தைக் கையால் தடவிக்கொண்டே நின்றார்.

மறுநாள் தையல்காரி யாருடைய துணியையும் தொடவில்லை. எப்போதோ எடுத்துவைத்த நீலத் துணியை விரித்து, கட்டில் காலில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்த மகளுக்கு அப்படியே அளவெடுத்து, நூல் கோக்க மட்டும் ஜன்னல் வழியாகச் சலவைக்கடைக்காரியைக் கூப்பிட்டு, ஒரே மூச்சில் நீள கவுன் ஒன்றைத் தைத்தாள். இனி வளர மாட்டாள் என்பதால் மடிப்பில் துணி விடவில்லை. பொத்தான்களை முதுகில் வைத்தாள், மூன்று. முடித்து உதறியபோது மணி நான்கு. மகள் தெருவாசலில் தலை வாரிக்கொண்டு, சலவைக்காரியின் மகளோடு பேசிக்கொண்டிருந்தாள். பத்து வருடத்துக்கு முன்னால் ஜன்னலில் கையாட்டிய பெண் அவள். இரண்டு பேருக்கும் பேச நிறைய இருந்தது.

"பாப்பா, இங்க வந்து பாரேன்" என்றாள் அம்மா.

மகள் திரும்பாமலேயே, சீப்பு ஓடிக்கொண்டிருக்க, "இரும்மா" என்றாள்.

அதில் கோபம் இருந்ததாக அங்கே இருந்த யாரும் சொல்லவில்லை. எல்லாரும் சொல்வது போலத்தான் சொன்னாள். தையல்காரி கவுனை மடியில் வைத்துக்கொண்டு முக்காலியில் உட்கார்ந்தாள். மகள் தோழியோடு தெருமுனை வரை போய்வந்து, சாப்பிட்டுப் படுத்துவிட்டாள். அடுத்த நாள் நான்கு மணிக்கு அம்மா கேட்டாள். "இப்ப வந்து பாக்குறியா?" மகள் அம்மாவின் முகத்தையும் மடியில் இருந்த நீலத் துணியையும் சற்று நேரம் பார்த்தாள். பிறகு "இரு" என்றாள்.

தையல்காரிக்கு அதற்குப் பிறகு வயது கூடவில்லை. இருந்த நரை இருந்தபடி, இடுப்பு வலி இருந்த அளவில். ஊசிக் காதைத் தேடுகிற கண்ணும் தேடியபடியே நின்றது. முழுக்கக் குருடானால் வேலையை விட்டிருப்பாள், தெளிந்திருந்தால் நிம்மதியாகத் தைத்திருப்பாள்; இரண்டும் நடக்கவில்லை. மகள் விட்ட படிப்பை எட்டிப் பிடித்து, அதே பாலர் வகுப்புக்கே டீச்சராகப் போனாள். பாட்டெல்லாம் ஏற்கெனவே மனப்பாடம். அவளைப்போல ஒரு டீச்சர் கிடையாது என்று பெற்றவர்கள் சொன்னார்கள். எந்தப் பிள்ளை எந்த மூலையிலிருந்து கூப்பிட்டாலும் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு அந்த நிமிடமே போவாள். குனிந்து, "வந்துட்டேன், காட்டு" என்பாள். காட்டுவது மூக்குச் சளியாக இருந்தாலும் முழுசாகப் பார்ப்பாள். கல்யாணமாகி, புருஷனும் இதே வீட்டில் தங்கி, அவளுக்கே இரண்டு பிள்ளைகள் பிறந்தபோதும் அவர்களிடம் அந்தச் சொல்லை ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. குழம்பு கருகும், பால் பொங்கும், அவள் போய்ப் பார்த்துவிட்டுத்தான் வருவாள். அந்தச் சொல் முழுவதையும் அம்மாவுக்கென்றே சேர்த்துவைத்திருந்தாள். தினமும் நான்கரை மணிக்குப் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து, செருப்பைக் கழற்றும்போது கொடுப்பாள்.

சலவைக்கடைக்காரி ஒருநாள் கேட்டேவிட்டாள். அவளுக்கு அப்போது பல்லெல்லாம் போய்விட்டது. "ஒரு எட்டு போய்ப் பாத்துட்டு வந்தா என்னம்மா? ஒரு கவுன்தானே?" மகள் துணிகளை எண்ணி வாங்கிக்கொண்டே, குரலை உயர்த்தாமல் சொன்னாள். "இப்படியே இருந்தா என்ன இப்போ? சோறு குறையா, துணி குறையா?" சலவைக்கடைக்காரி அடுத்த துணியை மடிக்கத் தொடங்கினாள். ஒரு வருடம் அம்மாவுக்கும் மகளுக்கும் ஒரே வயதாக இருந்தது. அந்த வருடம் இரட்டைப் பிறவிகள் என்று நினைத்துப் புதிதாய்க் குடிவந்தவர்கள் பெயர் மாற்றிக் கூப்பிட்டார்கள். அதற்கடுத்த வருடத்திலிருந்து அந்தச் சிக்கலும் இல்லை.

கண்டக்டர் எழுபத்தெட்டாவது வயதில் இறந்தார். மகளிடம் அவர் எதுவும் சொல்லவில்லை. முந்தைய பதினோரு வருடமும் யாரிடமும் எதுவும் சொல்லாதவர்தானே. சாவுக்கு மகன் வந்தான். கைத்தடி ஊன்றி, நூறு வயதுக் கிழவனைப்போல, இரண்டு பேர் பிடித்து இறக்கினார்கள். கண்ணைச் சுருக்கி அம்மாவைப் பார்த்தான். பேத்தி வயசிருக்கும் என்று யாரோ முணுமுணுத்தார்கள். அவள் எழுந்து நாற்காலியைக் கொடுத்து, "உக்காருப்பா" என்றாள். அவன் உட்காரவில்லை. அப்பாவின் காலைத் தொட்டுவிட்டு, "நான் போறேம்மா" என்றான். போன இடத்திலிருந்து அடுத்த மாதமே செய்தி வந்தது. அம்மா அழுதாள். நாற்பத்தொரு வயதுக்காரி எப்படி அழுவாளோ அப்படி, நல்ல தெம்போடு, வெகுநேரம் அழுதாள். அழுகை நின்றதும் பழைய துணிகளுக்கு அடியில் எதையோ தேடினாள். டிரைவர் இருக்கையில் ஒரு பெண் உட்கார்ந்திருக்கும் பஸ் படம் அங்கே இல்லை. அவள் அதை வாங்கியதே இல்லையே.

மகளுக்கு ஐம்பத்தாறு வயதானபோது தோள்பட்டை பிடித்துக்கொண்டது. கை முதுகுப் பக்கம் வளையவில்லை. புருஷன் விடியற்காலையிலேயே வேலைக்குக் கிளம்பிவிடுவார், பிள்ளைகள் வேறு ஊர்களில். ஒருநாள் காலை ஏழரை மணிக்கு, முதுகில் பொத்தான் வைத்த சட்டையை மாட்டிக்கொண்டு, கண்ணாடி முன்னால் கொஞ்ச நேரம் போராடிப் பார்த்தாள். பிறகு முன்னறைக்கு வந்து, மெஷின் பக்கத்தில் முதுகைக் காட்டி நின்று, எட்டிய மட்டும் முடியைத் தூக்கிக்கொண்டாள். முழுக்க நரைத்த முடி. கழுத்துக்குக் கீழே மச்சம் இருந்த இடத்திலேயே இருந்தது. அம்மா மடியிலிருந்த நீலக் கவுனைப் பத்திரமாக மெஷின் மேல் வைத்துவிட்டு எழுந்தாள். கண் சரியாகத் தெரியாததால் விரலால் தடவித்தான் போட முடிந்தது. கீழே ஒன்று, நடுவில் ஒன்று, மேலே ஒன்று. போட்டு முடித்துவிட்டு, கையை எடுக்காமல், "இப்ப வந்து பாக்குறியா?" என்று கேட்டாள்.

மகள் முடியைக் கீழே விட்டாள். திரும்பி அம்மாவைப் பார்த்தாள். பதில் சொல்ல அன்றைக்கு மட்டும் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டாள்.

"இரு" என்றாள். "நாளைக்கும் பொத்தான் போடணும்ல."

அதற்குப் பிறகு மக்கள்தொகைக் கணக்கு எடுக்க வந்தவர் மகள் ஐம்பத்தாறு, தாய் நாற்பத்தொன்று என்று சொன்னதைக் கேட்டு ஒரு தடவை பேனாவைத் தூக்கினார். தெருவில் நின்றவர்கள் ஆமாம், சரிதான் என்றார்கள். அவர் எழுதிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனார். தோள்பட்டை இன்னும் சரியாகவில்லை. காலை ஏழரை மணிக்கு அந்த வீட்டு ஜன்னலைக் கடந்து போகிறவர்கள், ஒரு கிழவி முதுகைக் காட்டி நிற்பதையும் அவள் அம்மா குனிந்து பொத்தான் போட்டுவிடுவதையும் பார்க்கலாம். மூன்று பொத்தான்கள்தான். கடைசிப் பொத்தானை மட்டும் அம்மா மெதுவாகப் போடுகிறாள்.